மாரியில் இறுகிய வில்லுக்கத்தி

வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் கிளிநொச்சியில் பழைய மரக்கதவுகள் ஊதி இறுகுவதுபோல என் ஒப்பினெல் கத்தியும் இறுகிவிடும். 1890இல் பிரான்சின் சவோய் மலைநாட்டில் யோசெப் ஒப்பினெல் உருவாக்கிய, அலகைப் பிடிக்குள் மடிக்கும் வில்லுக்கத்தி வகை அது. பீச் மரப் பிடி ஈரத்தை உறிஞ்சி அலகை நெரித்துப் பிடிக்கும், திறக்கப் பார்த்தால் நகம்தான் உடையும். சேகரிப்பில் உருக்குப் பிடி போட்டவையும் உண்டு. ஆனாலும் சட்டைப்பையில் ஏறுவது இதுதான். கையில் பாரமே தெரியாது.

அவசரத்துக்கு, அலகைப் பூட்டும் வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் அடிமுனையை மேசை விளிம்பில் தட்டினால் அலகு சற்று வெளியே வரும். சவோய்க்காரரின் பழைய உபாயம் இது.

நிரந்தரத் தீர்வுக்குப் பிடியை முதலில் நிழலில் நன்றாகக் காயவிட்டேன். வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும். பிறகு நுண்ணிய அரத்தாளை மடித்து, அலகு சுழலும் இடத்தின் உட்பக்கங்களை மெதுவாகத் தேய்த்தேன். அதிகம் தேய்த்தால் அலகு ஆடும். அடிக்கடி மடித்துப் பார்க்க வேண்டும். தேங்காயெண்ணெய் பூசச் சொன்னார் அண்ணர். அது மரத்தில் காய்ந்து இறுகாது. காட்டுத்தேன் எடுப்பவரிடம் வாங்கிய மெழுகை ஆளிவிதை எண்ணெயில் உருக்கிப் பூசினேன். இந்த மாரியில் விரலால் திறக்கிறது.

கார்பன் உருக்கு அலகு மாங்காய்ப் புளியில் கறுப்பது துரு அல்ல; எனக்கு அந்த நிறம் பிடிக்கும். செம்பொட்டு தெரிந்தால் மட்டும் உடனே தேய்த்து, எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுகிறேன்.