பாட்காஸ்ட் எடிட்டிங்: எங்க வெட்டணும், எங்க விடணும்

எடுத்த உடனே வெட்ட ஆரம்பிக்காதீங்க. முதல்ல ஒரு தடவ முழுசா கேளுங்க, ஸ்கிரீன பாக்காம, நடந்துகிட்டே கேட்டா இன்னும் நல்லது, எந்த இடத்துல உங்க கவனம் வேற எங்கயோ போகுதோ அந்த நேரத்த குறிச்சு வைங்க, கேக்குறவங்களும் பெரும்பாலும் அங்கதான் நிறுத்திட்டு போவாங்க.

பெரிய வெட்டு முதல்ல. சொன்னதையே திரும்ப சொல்றது, கிளை பிரிஞ்சு போன கதை, ஆரம்பத்துல வர்ற நீளமான நலம் விசாரிப்பு எல்லாம் போகட்டும். "ம்ம்", "வந்து" எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், அதையும் மொத்தமா எடுத்துடாதீங்க, மனுஷங்க பேசுற மாதிரியே இருக்காது. மூச்ச பாதியில வெட்டினாலும் காதுக்கு உடனே தெரிஞ்சிடும்.

மௌனத்த மட்டும் தயவுசெஞ்சு மதிங்க. ஒருத்தர் மனசு கனத்து ஒரு விஷயம் சொல்லிட்டு நிறுத்துறாங்கன்னா அந்த 2, 3 செகண்ட் அப்படியே இருக்கணும், ஆடாசிட்டிங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ட்ரங்கேட் சைலன்ஸ்னு ஒன்னு இருக்கு, நீளமான மௌனத்த தானா சுருக்கிடும், வேலை சீக்கிரம் முடியுதேன்னு அத மொத்த ஃபைலுக்கும் போட்டா இந்த மாதிரி இடமெல்லாம் நசுங்கிடும்.

ரெக்கார்ட் பண்ணும்போதே யாரும் பேசாம ஒரு 30 செகண்ட் ரூம் சத்தம் எடுத்து வச்சுக்கோங்க. இடைவெளி விடுற இடத்துல அத போட்டு நிரப்பலாம், வெறும் நிசப்தம் வச்சா லைன் கட்டான மாதிரி இருக்கும்.

லௌட்னஸுக்கு, அதாவது மொத்தமா எவ்வளவு சத்தமா கேக்கணும்ங்கிறதுக்கு, ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் சொல்றது மைனஸ் 16 எல்கேஎஃப்எஸ் (லௌட்னஸ அளக்குற அலகு), 1 டெசிபல் முன்ன பின்ன இருக்கலாம், ட்ரூ பீக், அதாவது சத்தம் தொடுற உச்சம், மைனஸ் 1 டெசிபல தாண்டக்கூடாது.