ஆம்போடெரிசின் ஏற்றுமுன் பார்க்க வேண்டியவை

ஆம்போடெரிசின் பி பூஞ்சை நோய்க்கு நரம்பில் ஏற்றும் மருந்து. சாதா ஆம்போடெரிசின் பி, லிப்போசோமல் (கொழுப்புத் துளிக்குள் பொதிந்த) ஆம்போடெரிசின் பி இரண்டுமே 50 மி.கி. குப்பியில் வரும். அளவுதான் வேறு. சாதா மருந்து நாளொன்றுக்கு கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி.; எக்காரணத்தைக் கொண்டும் 1.5-ஐத் தாண்டக் கூடாது. லிப்போசோமல் 3 முதல் 5, கறுப்புப் பூஞ்சைக்கு 5 முதல் 10 வரை. 60 கிலோ நோயாளிக்கு லிப்போசோமல் 300 மி.கி. என்று நினைத்துச் சாதா குப்பி ஆறைக் கலந்தால் இதயமே நின்றுபோகலாம். கேஸ் ஷீட்டில் வகையை முழுப்பெயராக எழுதுங்கள். கலக்குமுன் இரண்டு பேர் குப்பியைப் பாருங்கள்.

நாகர்கோவிலில் வாங்கிக் குலசேகரத்துக்கு பஸ்ஸில் கொண்டுவருகிறார்கள் என்றால் ஐஸ் பெட்டி வேண்டும். சாதா மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி, உறையவும் விடக்கூடாது. லிப்போசோமலுக்குப் பெட்டியில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள்.

சாதா குப்பியில் 10 மி.லி. ஊசித் தண்ணீர் விட்டு, தெளியும்வரை குலுக்கி, 500 மி.லி. 5% டெக்ஸ்ட்ரோஸில் (சர்க்கரை டிரிப்) சேர்க்க வேண்டும். லிப்போசோமலுக்கு 12 மி.லி. தண்ணீர், 30 விநாடி பலமாகக் குலுக்கல், பிறகு கூடவே வரும் ஃபில்டர் வழியே டெக்ஸ்ட்ரோஸில் சேர்க்க வேண்டும். சலைன் பட்டால் மருந்து திரிந்துவிடும். சிக்கல் வருவதே இங்கேதான்: சிறுநீரகத்தைக் காக்க முன்னதாக 500 மி.லி. சலைன் ஏற்றியிருப்போம், அதே லைனில் மருந்தையும் மாட்டிவிடுவார்கள். இடையில் டெக்ஸ்ட்ரோஸ் விட்டு லைனைக் கழுவுங்கள். முடிந்த பிறகும் அப்படியே. சர்க்கரை நோயாளி என்றால் அந்த 500 மி.லி. டெக்ஸ்ட்ரோஸில் 25 கிராம் சர்க்கரை இருப்பதை இன்சுலின் கணக்கில் சேருங்கள்.

அரை மணி முன்பு பாராசிட்டமாலும் அலர்ஜி மருந்தும். சாதா மருந்தை 4 முதல் 6 மணி நேரம், லிப்போசோமலை சுமார் 2 மணி நேரம் ஏற்றலாம். ஏற்றத் தொடங்கி ஒன்றிரண்டு மணியில் குளிர் நடுக்கம் எடுத்தால் நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுங்கள், பெத்திடின் ஊசிக்கு நடுக்கம் அடங்கும். கை நரம்பு வீங்கிச் சிவந்தால் இடம் மாற்ற வேண்டும்.

கிரியாட்டினின் (சிறுநீரகம் பழுதானால் ஏறுவது), பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் ரத்தத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் பார்க்க வேண்டும். எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தும் ஏறவில்லை என்றால் மக்னீசியம் குறைந்திருக்கும். அதை முதலில் சரிசெய்யுங்கள். பொட்டாசியத்துக்குக் கருக்குத் தண்ணியும் (இளநீர்) மட்டி வாழைப்பழமும் போதும் என்று வீட்டார் சொல்வார்கள். குறையும் அளவை அது ஈடுகட்டாது. கிரியாட்டினின் ஏறியிருந்தால் ஆபத்தும்கூட.

பரிசோதனைக்குச் சதை எடுத்து அனுப்பும்போது ஒரு துண்டை ஃபார்மலினிலும் மற்றொன்றைச் சுத்தமான சலைனிலும் போடுங்கள். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டால் கல்ச்சரில் (பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எதுவும் வளராது.

வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைக்கு மாறுவதானால், வோரிகோனசோல் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு. வெறும் வயிற்றில், வெயிலில் அலையாமல். கறுப்புப் பூஞ்சைக்கு அது வேலை செய்யாது. அதற்குப் போசகோனசோல், சாப்பாட்டோடு.