தேரூர்க் குளத்துப் பழக்கம் கீரிப்பாறைக் காட்டுக்கு உதவாது

குமரி மாவட்டத்தில் பறவைப் படம் எடுக்கக் கற்பவர்கள் பலரும் தேரூர், சுசீந்திரம் குளங்களிலும் மணக்குடி காயலிலும்தான் கை பழகுகிறார்கள். வெட்டவெளி, தாராளமான வெளிச்சம், பெரிய கூழைக்கடா. அதே பழக்கத்தோடு கீரிப்பாறை, காளிகேசம் மழைக்காட்டுக்குள் போகும்போது சிக்கல் தொடங்குகிறது.

படம் புள்ளி புள்ளியாகிவிடும் என்று பயந்து ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 400-லேயே வைத்திருப்பார்கள். அடர்ந்த நிழலில் ஷட்டர் வேகம் 1/30 நொடிக்கு இறங்கிவிடும். தீக்காக்கை என்னும் காட்டுப் பறவை கிளையில் அசையாமல் உட்காரும், சரி. லென்ஸைப் பிடித்த கை அசையுமே! ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று தயங்காமல் ஏற்றுங்கள். புள்ளிகளைக் கணினியில் குறைக்கலாம். கலங்கிய படத்தை மீட்பது கடினம்.

அப்புறம், உச்சிக்கிளையில் இருவாச்சி, பின்னால் வெள்ளை வானம். கேமரா வானத்துக்குக் கணக்குப் போடும், பறவை கரிக்கட்டையாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 முதல் +2 வரை கூட்ட வேண்டும். இருண்ட புதர் முன்னால் வெள்ளை அரசவால் ஈப்பிடிப்பான் வந்தால் நேர்மாறாகக் குறைக்க வேண்டும்.

காட்டுக்குள் பறவையைத் துரத்திப் பயனில்லை. பழுத்த அத்தி மரத்தருகே சத்தமில்லாமல் உட்காருங்கள். இருவாச்சி, குக்குறுவான், கொண்டைக்குருவி எல்லாம் தானாக வரும். காலில் ஒட்டிய அட்டையைப் பிய்க்கக் குனியும் நேரம் பார்த்துத்தான் வரும், அது வேறு விஷயம்.

எனக்குப் பொறுக்கவே முடியாத தவறு, செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது. தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று நினைத்து அந்தப் பறவை இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு ஓடிவருகிறது. இருவாச்சிக் கூட்டடியில் கூடி நிற்பதும் இதே வகைதான். பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, ஒரு சிறு பிளவு வழியாக ஆண் கொண்டுவரும் பழத்தை நம்பி இருக்கிறது. கீழே ஆள் நின்றால் ஆண் கிட்டே வரத் தயங்கும். உள்ளே தாயும் குஞ்சும் பட்டினி. கூடு கண்ணில் பட்டால் விலகிப் போய்விடுங்கள், இடத்தை இணையத்தில் போடாதீர்கள்.

சரணாலயப் பகுதிக்குள் போய்ப் படம் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். ரப்பர் தோட்டம் வழியாக நுழைந்தேன், யாரும் கேட்கவில்லை என்பது அனுமதி ஆகாது.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள், லென்ஸில் ஆவி படியும். பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருக்கட்டும். வீடு திரும்பியதும் ஈரத்தோடு பூட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். துடைத்து உலரவிட்டு, சிலிகா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.