ழான் ரூஷின் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

பிரெஞ்சு ஆவணப்பட இயக்குநர் ழான் ரூஷின் (1917–2004) உலகத்துக்குள் ‘லே மேத்ர் ஃபூ’ (1955) வழியாக நுழைய வேண்டாம். அதிலுள்ள நாய்ப்பலி, பின்னணி தெரியாதவருக்கு வெறும் அதிர்ச்சியாகவே மிஞ்சும். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

முதலில் ‘முவா, அன் ந்வார்’ (1958). மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டிலுள்ள அபிஜான் நகரில் ஒலியில்லாமல் எடுத்த படம். அதில் நடித்த உமரூ கண்டா பிறகு காட்சிகளைப் பார்த்தபடி பேசியதே குரல். உதட்டசைவு ஒட்டவில்லை என்று பிரதியைக் குறை சொல்லாதீர்கள். ஷாட்டுகள் குறுகியவை: சாவி முடுக்கும் 16 மி.மீ. கேமரா ஒரு முடுக்கலுக்குச் சுமார் 25 விநாடிதான் ஓடும்.

அடுத்து, சமூகவியலாளர் எட்கர் மோரானுடன் 1960 கோடையில் பாரிஸில் எடுத்த ‘க்ரோனிக் துன் எத்தே’. அதில் பங்கேற்கும் மார்செலின் என்ற பெண் தெருவில் தனியே நடந்தபடி, நாஜி முகாமில் இறந்த தந்தையிடம் பேசும் காட்சியை இரண்டு முறை பாருங்கள், இரண்டாம் முறை காதால். கேமரா விலகிப்போகும், குரலோ பக்கத்திலேயே நிற்கும். நாக்ரா ஒலிப்பதிவுக் கருவியை அவரே தோளில் சுமந்து நடந்ததால் வந்த விளைவு அது.

இப்போது ‘லே மேத்ர் ஃபூ’. அன்றைய ஆங்கிலேயக் காலனியான கோல்ட் கோஸ்டின் (இன்றைய கானா) தலைநகர் அக்ராவுக்குப் பிழைக்க வந்த நைஜர் தொழிலாளர்கள்மேல் சடங்கில் இறங்கும் ‘ஹவுகா’ எனப்படும் ஆவிகள் யார் யார் என்று குறித்துக்கொண்டே பாருங்கள்: ஆளுநர், தளபதி, ரயில் எஞ்சின் ஓட்டுநர். கோல்ட் கோஸ்டில் ஆங்கிலேய அரசு ஏன் தடைசெய்தது என்பது அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.