லினக்ஸ் லேப்டாப்பில் இன்னும் இரண்டு மானிட்டர்: போர்ட்டை அல்ல, சிஆர்டிசியை எண்ணுங்கள்

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். சிஆர்டிசி என்பது கிராஃபிக்ஸ் சிப்பில் ஒரு திரைக்கான படத்தை அனுப்பும் பகுதி. லினக்ஸில் திரையில் படம் காட்டும் அமைப்புகள் இரண்டு: எக்ஸ்11, வேலேண்ட். இது எக்ஸ்11-க்கான வழி. வேலேண்டில், திரைகளை அமைக்கும் கட்டளையான எக்ஸ்ரேண்டர் பட்டியல் காட்டும், எதையும் மாற்றாது. அங்கே செட்டிங்ஸில் உள்ள டிஸ்பிளேஸ் பக்கமே போதும்.

1. மூன்றாவது மானிட்டரை வாங்கும் முன் "எக்ஸ்ரேண்டர் --வெர்போஸ்" கொடுங்கள். ஒவ்வொரு அவுட்புட்டின் (திரைக்கான இணைப்பின்) கீழும் "சிஆர்டிசிஸ்: 0 1 2" என்பதுபோல ஒரு வரி இருக்கும். அதில் எத்தனை எண்ணோ, ஒரே நேரத்தில் அத்தனை திரைதான். லேப்டாப்பின் சொந்தத் திரையும் கணக்கில் சேரும். 2011-இல் வந்த இன்டெல் சாண்டி பிரிட்ஜில் இரண்டுதான். 2012-இன் ஐவி பிரிட்ஜில் மூன்று. "கான்ஃபிகர் சிஆர்டிசி ஃபெயில்டு" என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள். லேப்டாப் திரையை "--ஆஃப்" செய்தால் ஓர் இடம் காலியாகும்.

2. இடம் அமைக்க:
எக்ஸ்ரேண்டர் --அவுட்புட் எச்டிஎம்ஐ-1 --ஆட்டோ --ரைட்-ஆஃப் இடிபி-1
இங்கே இடிபி-1 லேப்டாப்பின் சொந்தத் திரை, எச்டிஎம்ஐ-1 வெளி மானிட்டர். அவுட்புட் பெயர்கள் கணினிக்குக் கணினி மாறும். உங்கள் பட்டியலில் உள்ளதை எழுத்து பிசகாமல் போடுங்கள்.

3. பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். எச்டிஎம்ஐ போர்ட்டில் விஜிஏ அடாப்டர் வழியாக இணைத்த மானிட்டர் சில நேரம் 1024x768-ஐத் தாண்டாது. மானிட்டர் தன் விவரத்தைச் சொல்லும் இடிஐடி வந்து சேரவில்லை என்று பொருள். விஜிஏ கேபிளின் முனையைப் பாருங்கள்: மூன்று வரிசையில் 15 பின். 9-ஆம் பின் இல்லாமல் இருப்பது சகஜம். 12-உம் 15-உம்தான் இடிஐடி வரும் பாதை. அவற்றில் ஒன்று வளைந்திருந்தாலோ இல்லாமல் போனாலோ கேபிளை மாற்றுங்கள்.

கேபிள் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் மோடை (திரையின் அளவும் புதுப்பிப்பு வேகமும் சேர்ந்த அமைப்பை) நாமே சேர்க்க வேண்டும். "சிவிடி 1920 1080 60" என்று கொடுத்தால் பிக்சல் கிளாக், அதாவது புள்ளிகளை அனுப்பும் வேகம், 173 மெகாஹெர்ட்ஸ் வரும். பழைய எச்டிஎம்ஐ போர்ட்டுகள் பலவற்றின் உச்சவரம்பு 165. அதனால்தான் கட்டளையெல்லாம் சரியாகத் தட்டியும் திரை கறுப்பாகவே நிற்கிறது. "சிவிடி -ஆர் 1920 1080 60" கொடுங்கள், 138.50-க்கு இறங்கிவிடும். எல்சிடி மானிட்டர்கள் இதை ஏற்கும், பழைய குழாய் மானிட்டர்கள் ஏற்காது. "மோட்லைன்" என்ற சொல்லுக்குப் பின்னால் உள்ள முழு வரியையும் எக்ஸ்ரேண்டரின் "--நியூமோட்" உடன் ஒட்டுங்கள். பிறகு "--ஆட்மோட்", கடைசியில் "--மோட்". மூன்றிலும் மோடின் பெயர் ஒன்றாகவே இருக்க வேண்டும். அந்தப் பெயரின் இறுதியில் வரும் ஆர் எழுத்தை விட்டுவிடாதீர்கள்.

4. மறுபடி லாகின் செய்தால் எல்லாம் போய்விடும். இடம் அமைக்க ஏரேண்டர் என்ற செயலி போதும். சுட்டியால் இழுத்து வைத்துச் சேமிக்கலாம், அதைவிட எளிதான கருவி தேவையில்லை. ஆனால் அது நியூமோட் வரிகளைச் சேமிக்காது. ஹோம் அடைவில் உள்ள .எக்ஸ்புரொஃபைல் கோப்பில் அந்த வரிகளை முதலில் போட்டு, ஏரேண்டர் தந்த ஸ்கிரிப்டை அதன் கீழே அழையுங்கள்.

கேபிள் வாங்கும்போது இன்னொன்று: டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்குப் போகும் மலிவான கேபிள் ஒருவழிப் பாதை. லேப்டாப்பில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்பிளேபோர்ட் என்றால் தனி மின்சாரம் எடுக்கும் ஆக்டிவ் கன்வெர்ட்டர்தான் வேண்டும்.