எழும்பாத டிஸ்க்கும் சாமத்தியவீட்டுப் படங்களும்

களுவாஞ்சிகுடியில் சின்னதாய் ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், சாமத்தியவீடு, பாஸ்போர்ட் படம் என்று ஓடுகிறது. கொம்பியூட்டர் திருத்துவது என் தொழில் இல்லை. என் சொந்த ஹார்ட் டிஸ்க் ஒருநாள் படுத்ததால் கற்றுக்கொண்டது. இப்போது வெல்லாவெளியிலிருந்துகூட டிஸ்க்கைத் துவாயில் சுற்றிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள்.

அன்று கரண்ட் போய் வந்தது. ஓன் பண்ணினால் திரையில் வட்டம் சுற்றுகிறது, தானாகத் திருத்துகிறேன் என்று விண்டோஸ் சொல்கிறது, திரும்பவும் வட்டம். மூன்று தரம் அதை ஓட விட்டேன். பிறகு தெரிந்த ஒரு கடையில் கொடுத்தேன். அங்கே செக்டிஸ்க் போட்டார்கள். திரும்பி வந்தபோது இரண்டு கல்யாணத்தின் போல்டர்கள் அடியோடு இல்லை. செக்டிஸ்க் கோப்பைக் காப்பாற்றுகிற சாமான் இல்லை, கோப்பு அட்டவணையை ஒழுங்குபடுத்துகிற சாமான். வாசிக்க முடியாத பதிவு குறுக்கே வந்தால் வெட்டி எறிந்துவிட்டு, எல்லாம் சரி என்று சொல்லும். அதனால் டிஸ்க் சாகிறது என்று சந்தேகம் வந்தால் செக்டிஸ்க் வேண்டாம், விண்டோஸைத் திரும்பப் போடவும் வேண்டாம், 'ஃபோர்மட் பண்ணவா' என்று கேட்டால் ஓம் சொல்லவும் வேண்டாம். முதலில் முழு டிஸ்க்கையும் பிரதி எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் அந்தப் பிரதியில்தான்.

தொட முதல் காதைக் கொடுங்கள். ஒரே தாளத்தில் 'டக்... டக்... டக்' என்று அடித்தால், அல்லது சுழலும் சத்தமே இல்லையென்றால், அந்த நிமிடமே கரண்டைக் கழற்றுங்கள். அது வீட்டில் பார்க்கிற வேலை இல்லை. உள்ளே தட்டுக்கு மேலே வாசிக்கிற தலை மிதக்கிற உயரம் சில நனோமீற்றர்தான்; மூடியைத் திறந்தால் நம்முடைய கடற்கரைத் தூசியும் உப்புக்காற்றும் போதும், தட்டைக் கீறிவிடும். ஃபிரீஸரில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்று ஒரு கதை உலாவுகிறது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் வெளியே எடுத்தவுடன் வியர்த்துக் கொட்டும், அவ்வளவுதான். வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்கும் அப்படித்தான். பெரும்பாலான டிஸ்க்குகளில் மூச்சு விடுவதற்கு ஊசிமுனை அளவில் ஒரு துளை உண்டு, மூட வேண்டாம் என்று பக்கத்தில் எழுதியிருக்கும். அந்த வழியால் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். கரண்ட் கொடுத்துச் சோதிக்காதீர்கள்.

சத்தம் ஒழுங்காக இருந்து, பயோஸில் (விண்டோஸ் எழும்ப முதல் திறக்கிற செட்டிங் திரை) டிஸ்க்கின் மொடலும் அளவும் சரியாகத் தெரிந்தால் தைரியமாக இறங்கலாம்.

தேவையானவை: நல்ல பற்றரி உள்ள வேறொரு லப்டொப் (கரண்டை நம்ப ஏலாது), டிஸ்க்கை யூஎஸ்பியில் கொழுவுகிற வயர், பழுதான டிஸ்க்கை விடப் பெரிய நல்ல டிஸ்க் ஒன்று, ஒரு பென் டிரைவ். டெஸ்க்டொப்பின் பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், அதற்குத் தனி அடப்டர் உள்ள வயராகப் பார்த்து வாங்குங்கள். டெஸ்க்டொப் கையில் இருந்து, அதற்கு யூபிஎஸ்ஸும் இருந்தால், அதன் உள்ளே இருக்கிற சாட்டா வயரில் நேரே கொழுவுவது இன்னும் திறம். யூஎஸ்பி நடுவழியில் கைவிட்டுவிடும். நல்ல டிஸ்க்கின் ஃபோர்மட் ஃபாட்32 ஆக இருக்கக்கூடாது. 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது; நாம் எழுதப்போவது நூற்றுக்கணக்கான ஜிபி உள்ள ஒற்றைக் கோப்பு. எக்ஸ்ஃபாட் அல்லது என்டிஎஃப்எஸ் நல்லது.

பென்னில் சிஸ்டம்ரெஸ்கியூ என்ற இலவச லினக்ஸை ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் ஏற்றுங்கள். லப்டொப்பை ஓன் பண்ணும்போது எஃப்12ஐ (எச்பி என்றால் எஃப்9ஐ) அழுத்திப் பென்னிலிருந்து எழுப்புங்கள். அது மறுத்தால் பயோஸில் 'செக்யூர் பூட்' (Secure Boot) என்ற பாதுகாப்பை நிறுத்த வேண்டும். விண்டோஸில் இந்த வேலையைச் செய்யாததற்குக் காரணம் இருக்கிறது. டிஸ்க்கைக் கண்டவுடனேயே அது கேளாமல் உள்ளே போய்த் தோண்டும், எழுதவும் பார்க்கும்.

முதலில் ஸ்மார்ட் (SMART) கணக்கை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிற பட்டியலைப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. 5, 197, 198 என்ற மூன்று வரிகள் போதும். 197 என்பது வாசிக்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருக்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகள்) எண்ணிக்கை. பூச்சியமாக இருக்க வேண்டும், என்னுடையதில் 312. அங்கேயே நீண்ட சோதனை ஒன்றும் இருக்கும், அதை ஓட்ட வேண்டாம். சாகப்போகிற ஆளை மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் நடக்க வைத்துப் பார்க்கிற மாதிரி அது.

இனி, பிரதி எடுக்கிற டிடிரெஸ்கியூ (ddrescue). அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய குனூ மென்பொருள். சாதாரணமாகக் கொப்பி பண்ணினால் பழுதான இடத்தில் முட்டி அங்கேயே தலையை அடித்துக்கொண்டு நிற்கும். இது அப்படியில்லை. வயல் வட்டைக்குள் தண்ணீர் நிற்கிற வரவையை விட்டுவிட்டு மேட்டு வரவைகளை முதலில் வெட்டுகிற ஆள் மாதிரி, நல்ல இடங்களை வாரிக்கொண்டு போய், பிறகுதான் பள்ளத்துக்குத் திரும்பி வரும். எங்கே வாசித்தது, எங்கே விட்டது என்று மேப் கோப்பு ஒன்றில் குறித்து வைக்கும். நடுவில் நின்றாலும் அதைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கட்டளையில் வரிசை முக்கியம்: பழுதான டிஸ்க், அடுத்து பிரதிக் கோப்பு, கடைசியில் மேப் கோப்பு. எந்த டிஸ்க் எது என்று, கொழுவியிருக்கும் டிஸ்க்குகளைப் பட்டியல் போடுகிற எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையில் அளவையும் மொடலையும் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நேரே இன்னொரு டிஸ்க்குக்கு எழுதாமல் நான் கோப்பாகவே எடுப்பேன். பெயர் மாறிப்போனால் பிழைச்செய்தி வரும், டிஸ்க் அழியாது.

முதல் ஓட்டத்தில் சிறிய 'என்' எழுத்தை (-n) கட்டளையில் சேருங்கள், மோசமான இடங்களைச் சுரண்டுகிற வேலையை அது தள்ளி வைக்கும். முக்கால்வாசிப் படம் இதிலேயே வந்துவிடும். அது முடிந்தபின் 'என்' இல்லாமல், 'ஆர்3' (-r3) சேர்த்து இரண்டாவது ஓட்டம். கிடைக்காத செக்டர்களை இன்னும் மூன்று தரம் கேட்டுப் பார்க்கும். டிஸ்க் கை சுடும் அளவுக்கு வந்தால் கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தி, ஆறவிட்டு, அதே கட்டளையைத் திரும்பக் கொடுங்கள்.

மேப் கோப்பை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் நான் அடி வாங்கினேன். பென்னிலிருந்து எழும்பிய லினக்ஸின் திரையிலேயே வைத்திருந்தேன். அது நினைவகத்தில் மட்டும் இருக்கிற இடம். கரண்ட் போனதும் கோப்பும் போனது, பாதி ராத்திரி வேலை வீண். நல்ல டிஸ்க்கில், பிரதிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

நேரம்? நொடிக்கு 60 எம்பி வாசித்தால் 500 ஜிபி சுமார் இரண்டேகால் மணித்தியாலம். பழுதான டிஸ்க்கில் இரண்டு மூன்று நாளும் போகும். என்னுடையது ஒரு வெள்ளி பின்னேரம் தொடங்கி ஞாயிறு மத்தியானம் முடிந்தது.

பிரதி வந்தபின் பழைய டிஸ்க்கைக் கழற்றி ஓரமாய் வையுங்கள். விண்டோஸில் செவன்சிப் (7-Zip) என்ற மென்பொருள் மூலமே பிரதிக் கோப்பைத் திறந்து, போல்டர்களை இழுத்து எடுக்கலாம். அது திறக்காவிட்டால் டெஸ்ட்டிஸ்க் (TestDisk) என்ற மீட்பு மென்பொருள். அதுவும் கைவிட்டால் ஃபோட்டோரெக், படங்களின் தலைப்பு அடையாளத்தை வைத்து ஒவ்வொன்றாய்ப் பொறுக்கும். ஆனால் கோப்புப் பெயர், போல்டர் எதுவும் மிஞ்சாது. கமெரா படத்துக்குள் எழுதிய திகதியை வைத்துப் பிரித்தேன். விண்டோஸின் பிட்லொக்கர் பூட்டு (டிஸ்க்கையே மறைகுறியாக்குவது) உள்ள டிஸ்க் என்றால் 48 இலக்கச் சாவி வேண்டும். மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் போய்த் தேடுங்கள். சாவி இல்லையென்றால் யாராலும் ஏலாது.

'டக் டக்' டிஸ்க்குகளைக் கொழும்புக்குத்தான் அனுப்புகிறேன். பொதியாக அனுப்பாமல், ஸ்பொஞ்சில் சுற்றி உதயதேவி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போகச் சொல்வேன்.

போன மாதம் ஒரு மாமி வந்தா. "தம்பி, மகள்ட சாமத்தியவீட்டுப் படமெல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு." சத்தம் ஒழுங்காக இருந்தது. மூன்றாம் நாள் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாய்ப் பார்த்தா. ஆலாத்தி எடுக்கிற படம் ஒன்றில் கீழ்ப்பாதி சாம்பல் நிறம், வாசிக்க முடியாமல் போன செக்டர்கள். "முகம் தெரியுதுதானே, போதும்" என்றா. பழைய டிஸ்க்கை எறியவா என்று கேட்டா. எல்லாவற்றையும் வீட்டில் திறந்து பார்த்து, இன்னொரு இடத்திலும் ஒரு கொப்பி போட்டபின் எறியச் சொன்னேன்.