தொழிற்புரட்சிக் கண்டுபிடிப்புகள் மறக்காமல் இருக்க, "எங்கே முட்டியது?" என்று கேளுங்கள்

பெயர், ஆண்டு, கருவி என்று அட்டவணை போட்டு உருப்போட்டால் தேர்வு முடிந்த மறுநாளே எல்லாம் பறந்துவிடும். அதை மூடி வையுங்கள். ஒரு தாள் எடுத்து மேலே இரண்டு தலைப்பு மட்டும் எழுதுங்கள்: நூல், நிலக்கரி. ஒவ்வொரு கருவிக்கும் ஒரே கேள்விதான், அது வருவதற்கு முன்னால் வேலை எங்கே முட்டிக்கொண்டு நின்றது?

முதலில் நூல். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அகலத் துணி நெய்ய, தறிக்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்து நாடாவை (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டையை) மாற்றி மாற்றி எறிய வேண்டும். லங்காஷயர்காரர் ஜான் கே 1733-இல் நாடாவுக்குச் சக்கரம் வைத்து, கயிற்றைச் சுண்டினால் அதுவே ஓடும்படி செய்துவிட்டார், ஒருவர் போதும். சரி, நெசவு வேகமாகிவிட்டது, அவ்வளவு நூலுக்கு எங்கே போவது? ராட்டையில் கதிர், அதாவது நூல் முறுக்கிச் சுற்றும் ஊசி, ஒன்றுதானே! அங்கேதான் 1764 வாக்கில் ஹார்கிரீவ்ஸ் வருகிறார், ஒரே சக்கரத்தில் 8 கதிர் சுற்றும் ஜென்னி என்ற நூற்பு இயந்திரத்தோடு. ஆனால் அந்த நூல் ஊடைக்கு (குறுக்கு நூலுக்கு) ஆகும், பாவுக்கு (நெடுக்கு நூலுக்கு) ஆகாது, ஏனென்றால் இழுவை முழுவதையும் தாங்குவது பாவுதான். ஆர்க்ரைட் 1769-இல் காப்புரிமை வாங்கிய, தண்ணீர் விசையில் ஓடும் இயந்திரம் பாவுக்கேற்ற உறுதியான நூல் கொடுத்தது. 1779-இல் கிராம்ப்டன் இரண்டையும் கலந்து செய்ததற்கு ம்யூல், அதாவது கோவேறு கழுதை என்றே பெயர். இப்போது நூல் குவிந்து தறி பின்தங்கியது, உடனே 1785-இல் கார்ட்ரைட்டின் விசைத்தறி.

அடுத்த பக்கம் நிலக்கரி. சுரங்கம் ஆழமானால் தண்ணீர் ஊறும், அதை இறைக்க 1712-இல் நியூகோமனின் நீராவி இயந்திரம் வந்தது. இதைப் படிப்பதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. ஒரு காலித் தகர டின்னில் கொஞ்சம் தண்ணீர் கொதிக்கவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கியபிறகு (மூடியோடு அடுப்பில் வைக்கவே கூடாது) இறுக மூடி, மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். டின் நசுங்கிப்போகும். உள்ளே ஆவி குளிர்ந்து வெற்றிடமாகிறது, வெளிக்காற்று அமுக்குகிறது. நியூகோமன் இயந்திரத்தில் சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனைக் கீழே இறக்கியதும் இதே காற்றுதான்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நியூகோமன் இயந்திரத்தின் சிறிய மாதிரியைப் பழுது பார்க்க வந்த ஜேம்ஸ் வாட், ஒவ்வொரு தடவையும் சிலிண்டரையே குளிரவைத்து மறுபடி சூடாக்குவதில்தான் ஆவி வீணாகிறது என்று பிடித்துவிட்டார். 1765-இல் யோசனை வந்தது: ஆவியைத் தனிப் பாத்திரத்தில் குளிரவைத்தால் என்ன? எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இது. அப்புறமும் ஒரு முட்டல், பிசகில்லாத சிலிண்டர் கடையத் தெரிந்தவர் வேண்டுமே! பீரங்கிக் குழல் துளைக்க ஜான் வில்கின்சன் 1774-இல் கண்டுபிடித்த முறைதான் கைகொடுத்தது. பலர் இவரை விட்டுவிடுவார்கள், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

1781-இல் வாட் தன் இயந்திரத்தால் சக்கரத்தைச் சுழற்றவும் வழி கண்டார், 1785-இல் இங்கிலாந்தின் பேப்பிள்விக் என்ற ஊர்ப் பஞ்சாலையில் அவருடைய இயந்திரம் ஓடியது. தாளில் இரண்டு கோடும் சேருவது இங்கேதான்.

அங்கிருந்து அமெரிக்காவுக்கு ஒரு அம்பு போடுங்கள். ஆலைகளுக்குப் பஞ்சு போதவில்லை, விதை பிரிப்பதில் முட்டியது, 1793-இல் எலி விட்னியின் இயந்திரம் அதைத் தீர்த்தது. பருத்தித் தோட்டங்கள் பெருகின, 1790-இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860-இல் 40 லட்சத்தை நெருங்கினார்கள். இந்த எண்களையும் அம்புக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.